ஏறிய தரை

அன்று ஐஸ் ரூமுக்குள் இருந்தவர்கள் ஐந்து பேர்.

முதலாளி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கதவோரம். ஆப்பரேட்டர் தனபால், வாயில் பற்றவைக்காத பீடி. சித்தாள் கன்னியம்மா, தரையில் வெட்டிய குழிக்குள், முட்டி அளவு சேற்றுத் தண்ணீரில். நான், அவள் அள்ளிக் கொடுக்கும் பக்கெட்டை வாங்கி வெளியே ஊற்ற. மேஸ்திரி, தடுப்புச் சுவரின் ஓரத்தில் குந்தி, ரசமட்டத்தைத் தரையில் வைத்து, கழுத்தைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டு.

திங்கட்கிழமை காலை. அந்தச் சுவர் விழுந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

மேஸ்திரியின் பெயரை எழுதப் போவதில்லை. அவர் வீட்டார் இன்னும் இந்தப் பக்கம்தான் இருக்கிறார்கள். அவர் சிமெண்ட் திருடவில்லை. அதைச் சொல்வதற்குத்தான் எழுதுகிறேன். நான் ஐந்தாவது வரை படித்தவன். எனக்குத் தெரிந்த மாதிரிதான் சொல்ல வரும்.

அவர் கட்டட மேஸ்திரி. தரை போடுவதில் பேர் வாங்கியவர். ஒல்லியான ஆள். ஒரு இடத்தில் நிற்க மாட்டார். பேசும்போதும் நடப்பார். சோறு தின்னும்போது பாதியில் எழுந்து போய் எதையாவது பார்த்துவிட்டு வருவார். கையில் எப்போதும் ரசமட்டம். முக்கால் அடி தேக்குக் கட்டை, நடுவில் கண்ணாடிக் குழாய், அதற்குள் பச்சைத் தண்ணீரில் ஒரு குமிழி. குமிழி நடுவில் நின்றால் தரை மட்டம். அவர் உடம்புக்குள்ளும் அந்த மாதிரி ஒரு குமிழி இருந்தது. அது நடுவில் நின்று நான் பார்த்ததில்லை.

டீக்கடை பெஞ்சில் உட்காருவதற்கு முன்னால் ரசமட்டத்தை வைப்பார்.

"கெழக்கால ரெண்டு நூல் எறக்கம்."

நூல் என்றால் கொத்தனார் கணக்கு. எட்டு நூல் ஓர் அங்குலம்.

"பெஞ்சு குந்தறதுக்கு மேஸ்திரி, தண்ணி ஓடறதுக்கு இல்ல" என்பார் கடைக்காரர்.

மேஸ்திரி ஓட்டுச் சில்லு தேடிப் போவார். பெஞ்சுக் காலுக்கு அடியில் சில்லை வைப்பார், எடுப்பார், வேறு சில்லை வைப்பார். சரியாக வரும்போது டீ ஆறிப் போயிருக்கும். நின்றபடியே குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். அவர் சரிசெய்த பெஞ்சில் நாங்கள் உட்கார்ந்திருப்போம்.

யார் எதற்குச் சண்டை போட்டாலும் அவர் சொல்வது ஒன்றுதான். "வச்சிப் பாத்துடுவோம்." வரப்பு தள்ளிப் போட்டான் என்று அண்ணன் தம்பி அடித்துக்கொண்டாலும் அதுதான். கல்யாணத்தில் சாம்பாருக்கு உப்பு குறைச்சல் என்றாலும் அதுதான். கேட்டுக் கேட்டுக் கன்னியம்மாவுக்கு அலுத்துவிட்டது.

"யோவ் மேஸ்திரி, பூமி உருண்டைன்றாங்க. அதும்மேல வச்சிப் பாரேன்."

"பாத்துட்டேன். நீ நிக்கற எடம் மட்டும் பள்ளமா கீது."

கன்னியம்மா அவரிடம் பத்து வருடமாகக் கல் சுமந்தவள். கலவைச் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டே திட்டுவாள். அவரும் திருப்பித் திட்டுவார். ஆனால் அவள் கலவை கலக்காத தரையை அவர் போட்டதில்லை.

அவர் மாமனார் செத்தபோது நானும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். அவர்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். குழி வெட்டியாயிற்று. சாமியார் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார். பெட்டியை இறக்குகிற நேரம், மேஸ்திரி குழிக்குள் குதித்தார். ரசமட்டத்தை வைத்தார்.

"தலப்பக்கம் எறக்கமா கீது. கால்பக்கம் நாலு நூல் வெட்டு."

சாமியார் புத்தகத்தை மூடிக்கொண்டு காத்திருந்தார். வெட்டினார்கள். மேஸ்திரி திரும்பவும் வைத்துப் பார்த்தார். அவர் சம்சாரம் அழுகையை நிறுத்திவிட்டு, "இந்தாளுக்கு என்னியக் கட்டிக் குடுத்தது எங்கப்பன்தானே. நல்லா அனுபவிக்கட்டும்" என்றாள். சுற்றி அழுதுகொண்டிருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். மேஸ்திரி சிரிக்கவில்லை. குமிழி நடுவுக்கு வந்த பிறகுதான் மேலே ஏறினார்.

ஐஸ் கம்பெனி மண்ணூர் பக்கம் ஏரிக்கரைக்குக் கீழே இருந்தது. நெல் விளைந்த இடம். சுத்தக் களிமண். வாய்க்காலில் வந்த தண்ணீர் வயலில் நின்றால் நின்றதுதான், சீக்கிரத்தில் கீழே இறங்காது. அதை முதலாளி மலிவாக வாங்கிக் கட்டடம் கட்டினார்.

என் வேலை கேன் தூக்குவது. தகரக் கேனில் தண்ணீர் பிடித்து உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்குவோம். மிஷின் ஓட ஓட அந்த உப்புத் தண்ணீர் குளிரும். ஆனால் உறையாது. கேனுக்குள் இருக்கிற நல்ல தண்ணீர்தான் உறையும். அதைத் தூக்கிக் கவிழ்த்தால் ஐஸ் கட்டி. கேன் ஒட்டிக்கொண்டால் ஒரு கை உப்பு போடுவோம். ரூம் கதவு உறைந்துவிட்டால் ஒரு கை உப்பு. படியில் ஐஸ் பிடித்து வழுக்கினால் ஒரு கை உப்பு. எங்கள் கம்பெனியில் எல்லாத்துக்கும் அதுதான் மருந்து.

ஐஸ் கட்டிகளை அடுக்கி வைக்க முதலாளி ஒரு ரூம் கட்டினார். சுவருக்கும் கூரைக்கும் உள்பக்கம் தக்கைப் பலகை ஒட்டினார்கள், வெளிச் சூடு உள்ளே வராமல் இருக்க. தரை மேஸ்திரியின் வேலை. "கீழ தக்கை வேணாமா மொதலாளி?" என்று கேட்டார்.

"கீழ மண்ணு கீதுய்யா. குளுரு மண்ணுக்குள்ள போயி இன்னா பண்ணப் போவுது?"

மேஸ்திரி ஒத்துக்கொண்டார். ஓரடிக்குக் கரிச்சாம்பல், மேலே தார், அதற்கு மேல் ஆறு அங்குலம் கான்கிரீட். நடுவில் ஒரு தடுப்புச் சுவர், அந்தத் தரைமேலேயே. குளிரைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. "மட்டத்தப் பாத்தேன், மண்ணப் பாக்கல" என்று பின்னால் அவரே சொன்னார்.

முதல் வருடம் ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் பட்டணத்து எறா வியாபாரி ஒருவர் வந்தார். எறா கெட்டுப் போகாமல் இருக்க ரூம் இன்னும் குளிர வேண்டும் என்றார். முதலாளி இரண்டாவது மிஷின் வாங்கிப் போட்டார். உள்ளே போகும்போது நாங்கள் சாக்கைப் போர்த்திக்கொண்டு போவோம். மூக்குமயிர் விறைத்துக்கொள்ளும்.

ஒரு நாள் நடு ரூமில் வைத்த ஐஸ் கட்டி தானாக வாசலுக்கு வந்தது.

வைத்தவன் நான். கை எடுத்தேன். அது மெதுவாக நகர்ந்தது. வந்து கதவில் முட்டி நின்றது. தனபால் இரண்டடி பின்னால் போனான்.

"இன்னாடா ஏகாம்பரம், யாருனா தள்றாங்களா?"

நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு மணிமங்கலம் போனேன். மேஸ்திரி அங்கே ஒரு வீட்டு வேலையில் இருந்தார். சொன்னதும் கொத்துக் கரணையைப் போட்டுவிட்டு வந்துவிட்டார். கை கழுவவில்லை.

ரூமுக்குள் ரசமட்டத்தை நான்கு பக்கமும் வைத்தார். எங்கே வைத்தாலும் குமிழி நடு ரூமைப் பார்த்து ஓடியது. எதிரெதிர் வெளிச்சுவரில் தரை போட்டபோது அவர் அடித்த ஆணிகள் அப்படியே இருந்தன. கயிறு கட்டினார். அன்றைக்குக் கயிற்றுக்கும் தரைக்கும் நடுவே சரியாக ஓரடி. இப்போது நடுவில் ஓர் அங்குலம் ஐந்து நூல் குறைந்திருந்தது. தரை அவ்வளவு ஏறிவிட்டது. தடுப்புச் சுவரில் விரல் நுழைகிற வெடிப்பு.

முதலாளி வந்து பார்த்தார். கேட்டது ஒரே கேள்வி.

"எத்தினி மூட்டைய வித்தே?"

மேஸ்திரிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கழுத்து சிவந்துவிட்டது. "சிமெண்ட் கொறஞ்சா தரை எறங்கும் மொதலாளி. ஒடையும். இது ஏறிகினு கீது."

"வெடிச்சி எழும்பிகினு கீது. சரியான கலவையா இருந்தா ஏன்யா எழும்புது?"

மேஸ்திரி குனிந்து ரசமட்டத்தை இன்னொரு தடவை வைத்துப் பார்த்தார்.

பேச்சு வெளியே போயிற்று. சீக்கிரம் பரவுகிற பேச்சு அது. புதுக் கோயிலுக்குத் தரை போடும் வேலையைச் சாமியார் அவருக்குத் தருவதாக இருந்தார். "அந்த ஐஸ் கம்பெனி விஷயம் தெளிவாகட்டும்" என்று நிறுத்தி வைத்தார். டீக்கடையில் அவர் ரசமட்டத்தை வைத்தபோது யாரோ பின்னாலிருந்து, "தரைய விட்டுடு மேஸ்திரி, மூட்டைய எண்ணு" என்றான். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அன்று பெஞ்சுக்குச் சில்லு வைக்காமலேயே போய்விட்டார். அந்த பெஞ்சு அதற்கப்புறம் சாய்ந்தே இருந்தது.

அதிலிருந்து அவர் நடை இரண்டு மடங்கு ஆயிற்று.

தினம் ஒரு தடவை கம்பெனிக்கு வருவார். கூலி கிடையாது. கயிறு கட்டி அளப்பார். ஐஸ் ரூமின் பழைய கதவுப் பலகை ஒன்று வெளியே கிடந்தது. அதில் பென்சிலால் கோடு போட்டுப் பக்கத்தில் அளவு எழுதுவார். உடனே சைக்கிளில் ஏரிக்கரைக்குப் போவார். மதகுக் கல்லில் தண்ணீர் எந்த அளவுக்கு நிற்கிறது என்று பார்ப்பார். திரும்பி வந்து அதையும் அதே பலகையில் கீழே எழுதுவார்.

"ஏரிக்கும் தரைக்கும் இன்னா மேஸ்திரி?" என்று கேட்டேன்.

"தெரியல. வச்சிப் பாக்கறேன்."

ஐப்பசியில் மழை பிடித்தது. ஏரி ஏற ஏறத் தரையும் ஏறியது. ஒரு வாரத்தில் மூன்று நூல். அவர் பலகையைத் தூக்கிக்கொண்டு என்னைத் தேடி வந்தார். கோட்டைக் காட்டினார். எனக்கு இரண்டும் கோடாகத்தான் தெரிந்தது.

முதலாளி காஞ்சிபுரம் போன ஒரு நாளில் மேஸ்திரி நடு ரூமில் கான்கிரீட்டை உடைத்தார். நானும் கன்னியம்மாவும் உடன் இருந்தோம். ஒரு ஆள் இறங்கும் அளவு குழி. கரிச்சாம்பல் முழுக்க ஐஸ். அதற்கும் கீழே களிமண். கடப்பாரை போட்டால் கருங்கல் மாதிரி டங்கென்றது. ஒரு கட்டியைப் பெயர்த்து வெளியே வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தோம். மண் ஒரு அடுக்கு, ஐஸ் ஒரு அடுக்கு, மண் ஒரு அடுக்கு, ஐஸ் ஒரு அடுக்கு. ஐஸ் அப்பளம் கனம் இருந்தது. வெள்ளை வெளேரென்று. நடுவில் இருந்த மண்ணைத் தொட்டால் காய்ந்திருந்தது.

மேஸ்திரி அதைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தார். ஐஸ் உருகி முழங்கை வழியாக வழிந்தது.

"மண்ணுல ஏற்கெனவே இருந்த தண்ணி இம்மாம் வராதுடா. கீழேர்ந்து உறிஞ்சிகினு வருது. ஏரித் தண்ணி. திரி எண்ணெயக் குடிக்கற மாரி குடிக்குது. குடிச்சத ஐஸ் ஆக்கி அடுக்கி வைக்குது. அடுக்க அடுக்க என் தரையத் தூக்குது."

"மண்ணுக்குள்ளயும் ஐஸ் கம்பெனி நடக்குதுன்னு சொல்லு" என்றாள் கன்னியம்மா.

"கேன் மட்டும்தான் இல்ல" என்றார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவை.

இதைச் சொன்னால் முதலாளி நம்பவில்லை. "கத வுடாதய்யா" என்றார். உடைத்ததற்கு வேறு திட்டினார்.

மேஸ்திரி இரண்டு பால் பவுடர் டின் கொண்டுவந்தார். இரண்டுக்கும் அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, ஏரிக் களிமண்ணை ஈரமாக அடைத்தார். ஒன்றைப் படிக்கட்டில் நிழலில் வைத்தார். ஒன்றை என்னிடம் கொடுத்து ஐஸ் ரூமில் வைக்கச் சொன்னார். இரண்டு நாள் கழித்து எடுத்தேன். மண் டின்னுக்கு மேலே தலை தூக்கியிருந்தது, வெந்த குழிப்பணியாரம் மாதிரி. உருகட்டும் என்று வெயிலில் வைத்தோம். பிறகு இரண்டிலும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றினார்.

நிழலில் இருந்த டின்னில் ஊற்றிய தண்ணீர் சாயந்திரம் வரை அப்படியே நின்றது. ஐஸ் ரூமுக்குப் போய் வந்த டின், தனபால் பீடி ஒன்று குடித்து முடிப்பதற்குள் மொத்தத் தண்ணீரையும் கீழே விட்டுவிட்டது. மண்ணைக் கவிழ்த்துப் பார்த்தோம். களி மாதிரி இல்லை. உப்புமா மாதிரி உதிர்ந்தது. ஐஸ் இருந்த இடமெல்லாம் வெடிப்பு.

நான் இதைப் பார்த்து மேஸ்திரி சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகம் கறுத்துவிட்டது.

"ஒரு தபா ஐஸ் ஆன களிமண்ணு அப்பால களிமண்ணு இல்லடா. தண்ணிய நிறுத்தாது. ரூமுக்குக் கீழ இருக்கறது மொத்தமும் இப்பிடித்தான் ஆயிருக்கும். மிஷின என்னிக்கினா ஒரு நாள் நிறுத்தித்தான் ஆவணும். அன்னிக்கு இன்னா ஆவும்?"

மாசியில் ஏரி பாதிக்குக் கீழே இறங்கியது. தரை மூன்று அங்குலம் ஏறி நின்றது. கதவு திறக்க வரவில்லை. எப்படியும் பழுது பார்க்க வேண்டும் என்கிற நிலை. அப்போது மேஸ்திரி முதலாளியிடம் போய் நின்றார். நான் வாசலில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ரூம பத்து நாள் நிறுத்துங்க. தரை எறங்குச்சின்னா அத்தத் தூக்கினது மண்ணு. எறங்கலைன்னா நான்தான் சிமெண்ட் திருடன். ஞாயித்துக்கெழம கோயில்ல எல்லார் முன்னாடியும் வந்து சொல்றேன்."

முதலாளி, "பத்து நாள். பதினோராம் நாள் காலைல மிஷின் ஓடும்" என்றார். அந்தப் பத்து நாளுக்கு எறாவை வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை நிறுத்தினோம். மேஸ்திரி தடுப்புச் சுவருக்குச் சவுக்குக் கம்பு முட்டுக் கொடுத்தார். சுவரோரம் ஒரு சாண் அகலத்துக்குக் கான்கிரீட்டைக் கொத்தி எடுத்தார். குழியில் தண்ணீர் சேரச் சேரக் கன்னியம்மாவை அள்ளச் சொன்னார். எனக்கும் நன்றாக விளக்கிச் சொன்னார். எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது.

"மேலதான் மொதல்ல உருகும். அடில இன்னும் கட்டியா கீது. உருகின தண்ணி கீழ போவ வழி இல்ல, மேலயே நிக்கும். அள்ளிகினே இருக்கணும். அள்ளறதவிட வேகமா உருகிச்சின்னா மண்ணு கஞ்சியாப் பூடும். கஞ்சி மேல செவுரு நிக்காது. அவசரமே படக் கூடாது."

அவசரப்படக் கூடாது என்று சொன்னவர்தான் ஒரு நிமிஷம் நிற்கவில்லை. கயிற்றைக் கட்டுவார், அளப்பார், வெளியே போவார், பாதி வழியில் திரும்பி வந்து மறுபடி அளப்பார். அவர் சம்சாரம் தூக்கில் அனுப்பிய சோறு புளித்து நாய்க்குப் போயிற்று. சனிக்கிழமை வரை தரை மூன்று நூல்தான் இறங்கியிருந்தது. மூன்று அங்குலம் என்றால் இருபத்து நான்கு நூல். ஐந்து நாள் போய்விட்டது.

முதலாளி எட்டிப் பார்த்தார். "இன்னா மேஸ்திரி, தரை எறங்க மாட்டேன்னு அடம் புடிக்குதா? நாளைக்கே கோயில்ல சொல்லிடேன், ஒரு வாரம் மிச்சம்."

மேஸ்திரி கயிற்றை இன்னொரு தடவை இழுத்துக் கட்டினார். முதலாளி போன பிறகு என்னிடம், "எறங்கும். எறங்கும்டா. இல்ல?" என்றார். என்னிடம் கேட்டார். அதுவரை அவர் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை. எதையும் வைத்துத்தான் பார்ப்பார்.

அவர் நடையைப் பார்த்துப் பார்த்து எனக்கும் ஒரு இடத்தில் கால் நிற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் பூசைக்குப் போய்விட்டார். கன்னியம்மாவுக்கு லீவு. எனக்குத் தொட்டியில் வேலை. மத்தியானம் ஐஸ் ரூமுக்குப் போய்க் குழியைப் பார்த்தேன். அடியில் வெள்ளையாகக் கட்டி நின்றது. ஒட்டிக்கொண்ட கேன் மாதிரி. கேன் ஒட்டிக்கொண்டால் என்ன செய்வேனோ அதைச் செய்தேன்.

முதலில் ஒரு கூடை உப்பு. சடசடவென்று சத்தம் வந்தது. கட்டி குழி விழுந்து இறங்கியது. அப்புறம் மூட்டையாகவே தூக்கி வந்தேன். குழியில் கொட்டினேன். சுவரோரம் கொத்திய பள்ளத்தில் நீளமாகக் கொட்டினேன். மேலே தண்ணீர் ஊற்றினேன். சாயந்திரம் கயிறு கட்டி நானே அளந்தேன். தரை நாலு நூல் இறங்கியிருந்தது. ஒரே நாளில் நாலு நூல். பலகையில் கோடு போடவில்லை. காலையில் அவரே பார்க்கட்டும் என்று விட்டேன். அன்று நன்றாகத் தூங்கினேன்.

திங்கட்கிழமை காலை ஐந்து பேரும் உள்ளே இருந்தோம். மேஸ்திரி கயிறு கட்டினார். அளந்தார். தரை இன்னும் இறங்கியிருந்தது.

"ஏகாம்பரம்! ஒரு இன்ச்சு! ஒரே நாள்ல ஒரு இன்ச்சுடா! மொதலாளி, வந்து பாருங்க."

பலகையில் கோடு போட்டார். முதலாளி கதவோரமாகவே நின்று எட்டிப் பார்த்தார். மேஸ்திரி கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சந்தோஷம் முகத்திலிருந்து மெல்லப் போயிற்று.

"இல்ல" என்றார். "இம்மாம் எறங்காதே."

ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு சுவரோரம் போய்க் குந்தினார். கன்னியம்மா குழிக்குள் இறங்கி அள்ளத் தொடங்கியிருந்தாள். பக்கெட்டைத் தூக்கியபோது தண்ணீர் அவள் வாயில் தெறித்தது. துப்பினாள்.

"இன்னாடா இது, தண்ணி கரிக்குது."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். மேஸ்திரி அவள் பக்கம் தலையைத் திருப்பினார். அந்த நேரம் முட்டுக் கம்பு ஒன்று உள்ளே போனது. சேற்றிலிருந்து காலைப் பிடுங்குவது போல ஒரு சத்தம். சுவர் அடியில் சறுக்கி, மேல்பக்கம் அவர் இருந்த பக்கமாக வந்தது.

முதலாளி வெளியே ஓடினார். தனபாலும் நானும் செங்கல்லை அள்ளினோம். கன்னியம்மா அவர் தலையைப் பிடித்துக்கொண்டாள். வலது இடுப்பிலிருந்து கீழே முழுக்கச் சுவருக்கு அடியில் இருந்தது. கத்தவில்லை. ஐஸ் வண்டியில் சாக்கு விரித்துப் படுக்க வைத்துக் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சுங்குவார்சத்திரம் தாண்டும்போது கண்ணைத் திறந்தார்.

"கயிறு அப்பிடியே கீதா? அவுத்துடாதீங்க."

ரசமட்டம் கிடைக்கவில்லை. சேற்றுக்குள் போயிருக்கும்.

சுவரே விழுந்துவிட்டது, இனி என்ன சாட்சி வேண்டும் என்று முதலாளி எல்லோரிடமும் சொன்னார். எல்லோரும் நம்பினார்கள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. எனக்கு அப்போது கல்யாணம் பேசியிருந்தார்கள். அது காரணமா என்று கேட்டால் தெரியாது. சொல்லவில்லை, அவ்வளவுதான்.

கோயில் தரையைத் தாம்பரத்திலிருந்து வந்த ஆள் போட்டான். சிமெண்ட் மேஸ்திரி என்ற பேர் இவருக்கு நின்றுவிட்டது. அவர் மகனைப் பள்ளிக்கூடத்தில் "மூட்டை" என்று கூப்பிட்டார்கள்.

இடுப்பு எலும்பு கூடவில்லை. குந்த முடியாது, ஏற முடியாது. நிற்காத மனிதரைப் பிரம்பு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். உடம்பு உட்கார்ந்தது. விரல்கள் உட்காரவில்லை. நாற்காலிக் கையைத் தட்டிக்கொண்டே இருக்கும். கன்னியம்மா தானே கரணை பிடித்தாள். பொம்பளை கொத்துவேலையா என்று சிரித்தார்கள். அவள் சின்னச் சின்னத் தரையாகப் போட்டாள். தினம் சாயந்திரம் வந்து அவரிடம் அளவு சொல்வாள். அவர் திட்டுவார். மறுநாள் போய்ச் சரிசெய்வாள். என்னைப் பார்த்தால் அவள் பேச மாட்டாள்.

நான் மாதம் ஒரு தடவை போவேன். வாசலில் நிற்பேன். "ஏரி எவ்ளோ கீது?" என்பார். மதகுக் கல் கணக்குச் சொல்வேன். அதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு இல்லை. என் பெரிய பெண் பள்ளிக்கூடம் போகத் தொடங்கும் வரை அப்படியே போனது.

அப்புறம் ஐஸ் கம்பெனியை மூடினார்கள். நிலத்தை யாரோ பட்டணத்து ஆட்கள் பேக்டரிக்கு வாங்கினார்கள். இடித்துப் போட்ட குப்பையில் அந்தக் கதவுப் பலகை கிடந்தது. பென்சில் கோடு அழியவில்லை. சைக்கிள் கேரியரில் கட்டி எடுத்துக்கொண்டு போனேன்.

மேஸ்திரி அதை மடியில் வைத்துக்கொண்டார். மேலே தரைக் கோடு, கீழே ஏரிக் கோடு. விரலை ஒவ்வொன்றாக நகர்த்தினார். அன்றுதான் அந்த விரல் மெதுவாகப் போனதைப் பார்த்தேன். ஓர் இடத்தில் நின்றது.

"சனிக்கெழம கீது. திங்கக்கெழம கீது. நடுல காலி."

நான் நாற்காலிப் பக்கத்தில் குந்தினேன்.

"மேஸ்திரி, அந்த ஞாயித்துக்கெழம நான்தான்…"

கையைத் தூக்கி நிறுத்தினார். "கன்னியம்மா ஆஸ்பத்திரிலயே சொல்லிட்டா. தண்ணி கரிச்சுதுன்னு."

உள்ளே அவர் சம்சாரம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

"அப்போ ஏன் மேஸ்திரி என்னிய ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டா இல்லன்னுவே. அப்பால இந்தப் பக்கமே வர மாட்டே. ஏரி எவ்ளோ கீதுன்னு எனக்கு யார் சொல்லுவாங்க?"

காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். நுனியை நாக்கில் தொட்டுக்கொண்டார். சனிக்கும் திங்களுக்கும் நடுவில் இருந்த இடத்தில் வைத்து, என்னைப் பார்த்தார்.

"எத்தினி மூட்டை?"

"ஏழு."